சத்தம் ஏறாத சைலன்சர் வேலை

நிசான் 370இசட் காரின் அடிவயிற்றில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்கள் இரண்டு உண்டு. வி6 எஞ்சினின் பக்கத்துக்கு ஒன்று. கருவடிக்குப்பத்தில் நான் போய் நின்ற பட்டறையில் அவை இரண்டும் கழற்றப்பட்டுக் கோணிச் சாக்கின்மேல் கிடந்தன. அவற்றின் இடத்துக்கு வரப்போகும் ‘ஹை ஃப்ளோ’ ஜோடி பக்கத்திலேயே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். மேஸ்திரி பழையதில் ஒன்றை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். குழாயின் குறுக்கே ஒரு பீங்கான் கட்டி, அதில் ஆயிரக்கணக்கான கண்ணறைகள். வெளிச்சம் பொடிப்பொடியாக இந்தப் பக்கம் வந்தது.

“இதுல பூந்துதான் சார் மொத்தப் புகையும் வெளிய வரணும். புதுசுல பாருங்க, ஓட்டை பெருசு.”

கம்பெனி கார்களில் வழக்கமாகச் சதுர அங்குலத்துக்கு 400 கண்ணறைகளோ அதற்கு மேலோ இருக்கும். 400 என்றால் ஓர் அறை 1.27 மில்லிமீட்டர். சாக்கின்மேல் இருந்த புதிய ஜோடியில் 200 அறைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர். பீங்கானுக்குப் பதில் 0.05 மில்லிமீட்டர் கனமுள்ள உலோகத் தகட்டை நெளித்துச் சுருட்டியிருந்தார்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கா இத்தனை செலவு என்று தோன்றும். ஆனால் அதிவேகத்தில் அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 சுற்று சுற்றுகிறது. 3.7 லிட்டர் எஞ்சின் அந்த வேகத்தில் தள்ளும் புகை முழுவதும் இந்த இரண்டு கட்டிகளுக்குள் நுழைந்துதான் தீரவேண்டும். வழியை அகலமாக்கினால் எஞ்சின் மூச்சுவிடுவது கொஞ்சம் இலகுவாகும். கொஞ்சம்தான். டர்போ இல்லாத இந்த மாதிரி எஞ்சினில் பத்துப் பதினைந்து குதிரைத்திறன் கூடினாலே பெரிது.

பட்டறை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிவாஜி சிலையிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. தகரக் கூரை, ஒரு லிஃப்ட், மூன்று பேர். மேஸ்திரிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அம்பாசிடருக்கும் தனியார் பஸ்ஸுக்கும் கேஸ் வெல்டிங்கில் சைலன்சர் ஒட்டிக் கை பழகியவர். வெல்டிங்கை இப்போது அவர் தம்பி பார்த்துக்கொள்கிறார். கூடமாட உதவிக்கு ஐ.டி.ஐ. முடித்த இளைஞர் ஒருவர். இப்படிப்பட்ட பட்டறைக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஏன் வருகிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றலாம். புதுச்சேரியில் வண்டி வரி குறைவு என்பதால் வெளிமாநிலத்துச் சொகுசுக் கார்கள் இங்கத்திய முகவரியில் பதிவானதும், 2017-இல் கேரளத்தில் அது பெரிய வழக்காக வெடித்ததும் பலருக்கு நினைவிருக்கும். நான் பார்த்த கார் அந்த ரகமல்ல, சொந்தக்காரர் உள்ளூர்தான். ஆனால் இந்தத் தெருக்களில் அப்படிப்பட்ட கார்களைப் பார்த்துப் பார்த்து இங்குள்ள கைகளுக்கு அவை அந்நியமில்லாமல் போயின.

சொந்தக்காரர் கேட்டது ஒன்றுதான். நடுவில் கன்வெர்ட்டர் மட்டும் மாறவேண்டும். பின்னால் இருக்கும் கம்பெனி சைலன்சரில் கை வைக்கக் கூடாது. இந்த ஜோடிப் பொருத்தத்தை நேரில் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். ஏனென்றால் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேரெதிர். கன்வெர்ட்டரைப் பிளந்து உள்ளே இருப்பதை உடைத்துக் கொட்டிவிட்டு வெறும் கூட்டை மறுபடி ஒட்டிவிடுவார்கள். பின்னால் சைலன்சரையும் எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைப்பார்கள். தெருவே அதிரும். புகையில் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் நைட்ரஜன் ஆக்சைடும் வந்தபடியே வெளியேறும். அதைச் சுவாசிப்பது பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவரும் சாலையோரம் இளநீர் விற்கிறவரும்.

கன்வெர்ட்டரை மாற்றினாலே சத்தமும் மாறும். கண்ணறைகள் புகையை மட்டுமல்ல, அதிர்வையும் உடைத்துத் தணிப்பவை. இந்த வி6 எஞ்சினில் ஹை ஃப்ளோ போட்டால் நடு வேகத்தில் ஒரு கரகரப்பு ஏறும் என்பது உலகம் முழுக்க இந்தக் கார் வைத்திருப்பவர்கள் அறிந்த சங்கதி. மேஸ்திரிக்கு அதற்கு ஒரு சொல் இருந்தது: “தகர டப்பால கல்லு போட்டு ஆட்னாப்ல இருக்கும் சார். பின்னாடி ஒரிஜினல் சைலன்சர் இருந்தா அது முழுங்கிக்கினு போயிடும். அதையும் எடுத்துட்டா, இந்தத் தெருவுல வயசானவங்க தூங்க வேணாமா?” பாரதியார் 1908 முதல் பத்தாண்டுகள் புதுச்சேரியில் வாழ்ந்தபோது வந்து உலவிய குயில் தோப்பு இந்தக் கருவடிக்குப்பத்தில்தான். இன்று அந்தப் பக்கமெல்லாம் வீடுகள். வீடுகள் நெருங்க நெருங்க சைலன்சரின் வேலை கூடுகிறது, குறையவில்லை.

கன்வெர்ட்டரின் கதையில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். எழேன் ஊத்ரி முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர், கார்ப் பந்தயப் பித்து உள்ளவர். பந்தய எஞ்சினுக்கு நல்ல பெட்ரோல் வேண்டும் என்ற தேடலில்தான் வினையூக்கிகள் பக்கம் போனார். கச்சா எண்ணெயிலிருந்து உயர்தரப் பெட்ரோல் பிரிக்கும் முறையைக் கண்டு, 1930-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். பிறகு நகரங்களின் புகைமூட்டம் அவரை உறுத்தியது. கார்ப் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்கு 1956-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் படிந்தால் கன்வெர்ட்டருக்குள் பூசிய வினையூக்கி செத்துப்போகும். அவர் கருவி கார்களில் ஏறுவதற்கு ஈயமில்லாப் பெட்ரோல் வரவேண்டியிருந்தது. அமெரிக்காவில் அது 1975 மாடல் கார்களோடுதான் நடந்தது. அதற்குள் அவர் காலமாகிவிட்டார். இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2000-இல்தான் ஈயமில்லாப் பெட்ரோல் நாடு முழுவதற்கும் வந்தது. வேகத்தை நேசித்த ஒருவரிடமிருந்தே புகையைச் சுத்தம் செய்யும் இந்த யோசனை வந்தது என்பதை, கன்வெர்ட்டரை உடைத்து எறியும் இளைஞர்களிடம் நான் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்கிறேன்.

வேலைக்கு வருவோம். இந்தக் காருக்கென்றே அளவெடுத்துச் செய்த ஜோடியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையும் இறக்குமதி வரியும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். அதனால் கன்வெர்ட்டரை மட்டும் வாங்கி, ஃப்ளாஞ்ச் எனும் இணைப்புத் தட்டையும் குழாயையும் இங்கேயே செய்து ஒட்டுகிறார்கள். பழைய ஃப்ளாஞ்சை 10 மில்லிமீட்டர் தகட்டின்மேல் வைத்து வரைந்து அறுத்தார்கள். 304 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாயை வெட்டி, முனையைச் சாணை பிடித்து, காரின் அடியிலேயே தூக்கிப் பிடித்து நாலு இடத்தில் பொட்டு வைத்தாற்போல் டேக் மட்டும் போட்டார் தம்பி. பிறகு எல்லாவற்றையும் கழற்றி மேசைக்குக் கொண்டுபோனார். ஏன் அங்கேயே ஒட்டவில்லை என்று கேட்டேன்.

“கார்லயே முழுசா ஒட்டினா இழுத்துக்கும் சார். நட்டு போடும்போது ஓட்டை ஒட்டாது. நெம்பித் திணிச்சா, சூடானதும் வெடிப்பு உட்ரும்.”

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொல் சரி. 304 எஸ்.எஸ். குழாய் ஒரு மீட்டர், 500 டிகிரி சூடேறினால் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். கம்பெனி பெரும்பாலும் பயன்படுத்தும் 409 ரகம் அதைவிடக் குறைவாக நீளும். இரண்டு ரகமும் ஒரே வரிசையில் இணையும்போது, குளிர்ந்த நிலையிலேயே இறுக்கமாக இருக்கும் குழாய் நிச்சயம் எங்காவது பிளக்கும்.

ஆர்கான் வெல்டிங்கை நான் நெடுநேரம் நின்று பார்த்தேன். வெளியே டார்ச்சிலிருந்து ஆர்கான் வருவது போதாது. குழாயின் இரு முனையையும் அலுமினியத் தாளால் மூடி, சின்னத் துளை வழியாக உள்ளேயும் ஆர்கானை நிரப்பினார்கள். இதைச் செய்யாத பட்டறைகளே அதிகம். செய்யாவிட்டால் வெளியே தையல் பளபளவென்று இருக்கும், உள்ளே கருப்பாகப் பொரிந்திருக்கும். “உள்ள கரி பூத்துடும். அது உதிர்ந்து நேரா போய் கண்ணறைல அடிக்கும்” என்றார் தம்பி. யார் கண்ணுக்கும் ஒருபோதும் படாத உள்பக்கத்துக்காக இரண்டாவது சிலிண்டர் வாயுவைச் செலவழிக்கிறார்கள். இந்த வேலையின் தரத்தை நான் இங்கேதான் கண்டேன்.

அதே இடத்தில் எனக்கு மனம் கலங்கியதும் உண்டு. எஸ்.எஸ். வெல்டிங் புகையில் குரோமியத்தின் நச்சு வடிவம் இருக்கிறது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017-இல் வெல்டிங் புகையையே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. தம்பியின் டார்ச்சில் சிவப்பு முனை டங்ஸ்டன். அதில் கலந்திருப்பது தோரியம், நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட்டில் இருக்கும் அதே கதிரியக்கத் தனிமம். கூர் தீட்டும்போது பறக்கும் தூள்தான் ஆபத்து. அவர் முகத்தில் கட்டியிருந்தது ஒரு கர்ச்சீப். லேந்தனம் கலந்த டங்ஸ்டன் கிடைக்கிறது, விலையும் பெரிய வித்தியாசமில்லை. புகை வடிகட்டும் நல்ல முகமூடியும் கிடைக்கிறது. “அண்ணே, மொதல்ல இத மாத்துங்க” என்று கேட்டுக்கொண்டேன். லட்சக்கணக்கில் காருக்குச் செலவழிப்பவர்கள் பில்லில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக் கொடுத்தால் என்ன? கேட்டால் கொடுப்பார்கள். கேட்க வேண்டும் என்றே நம் பட்டறைக்காரர்களுக்குத் தோன்றுவதில்லை.

சென்சார் நட்டை ஒட்டும்போது மேஸ்திரி தானே வந்து நின்றார். கன்வெர்ட்டருக்குப் பின்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார் உண்டு. கன்வெர்ட்டர் ஆக்சிஜனைப் பிடித்துவைத்துப் பிறகு வெளிவிடுகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். இல்லை என்று பட்டால் டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும். நட்டைக் குழாயின் அடியில் வைத்தால் தண்ணீர் தேங்கி சென்சார் கெடும். அதனால் கிடைமட்டத்துக்குப் பத்து டிகிரியாவது மேலே சாய்த்து ஒட்டுகிறார்கள். விளக்கு எரியாமலிருக்க சென்சாருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு நீட்டு நட்டைச் செருகி, புகை படாமல் தள்ளி வைக்கும் தந்திரமும் சந்தையில் உண்டு. மேஸ்திரி அதைச் செய்வதில்லை. “அது கண்ண கட்டி உடறது சார்.” எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்.

இதையெல்லாம் சொல்லும்போது சட்டத்தையும் சொல்லவேண்டும். கம்பெனி வாங்கிய மாசுச் சான்று கம்பெனி பொருத்திய பாகங்களுக்கானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியின் மூல அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. புகைக்கும் சத்தத்துக்கும் 190-ஆவது பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. என் கருத்து வெளிப்படையானது: காரை வந்தபடியே விடுவது நல்லது; தொட்டே ஆகவேண்டும் என்றால் கன்வெர்ட்டர் இல்லாமல் ஒருநாளும் ஓட்டக்கூடாது. அறைகள் பாதியானால் வினையூக்கி பூசிய பரப்பு ஏறக்குறைய 70 சதவீதமாகக் குறைகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும், 250, 300 டிகிரி சூடேறும் வரை எந்தக் கன்வெர்ட்டரும் சரியாக வேலை செய்வதில்லை. இவற்றையெல்லாம் தெரிந்துதான் மாற்றவேண்டும். இங்கே வேலை முடிந்ததும் புகை பரிசோதித்தார்கள். நின்ற நிலையில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீத வரம்புக்குள் வந்தது. ஆனால் அது நின்ற நிலைக் கணக்கு மட்டுமே, ஓடும்போது என்ன வருகிறது என்பதை அந்தக் கருவி சொல்லாது.

பழைய ஜோடியை மேஸ்திரி சாக்கில் சுற்றிக் கட்டி, இடது வலது என்று சாக்பீஸால் எழுதிக் காரின் டிக்கியிலேயே வைத்தார். பட்டறையில் விட்டுப்போகச் சொல்லிக் கேட்கும் ஆட்கள் உண்டு. உள்ளே இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்துக்காகத்தான். 2021 மார்ச்சில் ரோடியம் அவுன்ஸுக்கு 29,000 டாலரைத் தாண்டியபோது, மாருதி ஈக்கோ வேன்களின் சைலன்சரை வடக்கே பல ஊர்களில் திருடினார்கள். “உங்க பொருள், உங்க கிட்டயே இருக்கட்டும். வண்டிய விக்கும்போது திருப்பி மாட்டிக்கலாம்.”

சில வாரங்கள் கழித்து எஞ்சின் விளக்கு எரிந்தது. இரண்டாம் பக்கத்துக் கன்வெர்ட்டரைக் குறிக்கும் பிழைக் குறியீடு. காரைப் பலமுறை ஓட்டிய பிறகுதான் அதன் கணினி இந்தத் தீர்ப்பைச் சொல்லும் என்பதால், மாட்டிய அன்றே தெரிந்திருக்க வழியில்லை. புதிய கன்வெர்ட்டர் போதவில்லை என்றுதான் சொந்தக்காரர் நினைத்தார். மேஸ்திரி அப்படி முடிவுகட்டவில்லை. வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைப் பின் குழாயில் சொருகி, சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தடவச் சொன்னார். சென்சாருக்கு முன்னால் இருந்த ஃப்ளாஞ்சில் நுரை கிளம்பியது. கேஸ்கட் ஒரு மூலையில் உட்காரவில்லை. புகையின் துடிப்புகளுக்கு நடுவே அங்கே வெளிக்காற்று நுழைந்து சென்சாரை ஏமாற்றியிருக்கிறது. ஒரு பக்கம்தான் கசிந்தது என்றாலும் இரண்டு பக்கத்துக்கும் பல அடுக்கு எஃகுக் கேஸ்கட்டாக மாற்றினார்கள், கூலி வாங்கவில்லை. “ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, நட்ட ஒருவாட்டி டைட் வச்சிடறேன்” என்று சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த விளக்கு எரியவில்லை.