மலைக்குப் போன கைக்கடிகாரம்

நம் கல்லூரியில் இன்று மணி என்னவென்று கேட்டால், பெரும்பாலோர் கையைப் பார்ப்பதில்லை, சட்டைப்பையைத் தடவுகிறார்கள். கையில் ஏதாவது கட்டியிருப்பவர்களிடமும் இருப்பது ஸ்மார்ட் வாட்ச்தான். இந்தக் காலத்தில், தினமும் சாவி கொடுத்து ஓட்ட வேண்டிய ஒரு பழைய கைக்கடிகாரத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். அந்தக் கடிகாரம் காடு மலைக்கு ஏற்றதுதானா என்று நான் ஒரு மாதம் சோதித்தேன். பிறகு வெள்ளியங்கிரி மலைக்கே அதைக் கட்டிக்கொண்டு போனேன். அந்தச் சோதனையில் தேறியது எது, தேறாதது எது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கடிகாரம் என் தந்தையாருடையது. அவர் வனத்துறையில் வனக் காவலராக இருந்தவர். இருபத்தாறு ஆண்டு அதைக் கட்டிக்கொண்டு காடு சுற்றினார். அவர் காலமான பிறகு அம்மா அதை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து பீரோவில் வைத்திருந்தார்கள். எஃகுக் கூடு, கறுப்பு டயல், பெரிய வெள்ளை எண்கள். கூட்டின் மேலெல்லாம் கீறல். கண்ணாடி மங்கிப் போயிருந்தது. இது விளம்பரம் அன்று. ஆகையால் எந்த நிறுவனத்தின் கடிகாரம் என்று இங்கே சொல்லவில்லை. "நான் இதை மலைக்குக் கட்டிக்கொண்டு போகட்டுமா அம்மா?" என்று கேட்டபோது, அம்மா சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பத்திரமா கொண்டுட்டு வா, கண்ணு" என்றார்கள். அவ்வளவுதான்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே மூன்றடி அகலக் கடையில் உட்கார்ந்திருக்கும் கடிகாரக்காரப் பெரியவரிடம் அதைக் கொண்டு போனேன். பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் செருகிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். எனக்கும் காட்டினார். இயற்பியல் மாணவனாகிய நான் மூன்றாண்டில் வகுப்பில் படித்ததெல்லாம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிது பெரிய வட்டத்துக்குள் இருந்தது. சாவி கொடுக்கும்போது ஒரு சுருள்வில் இறுகுகிறது. அதன் ஆற்றல் பற்சக்கரங்கள் வழியே ஒரு சமன்சக்கரத்துக்குப் போகிறது. அச்சக்கரத்தை மயிரிழை போன்ற இன்னொரு சுருள்வில் இழுத்து இழுத்து ஆட்டுகிறது. நொடிக்கு ஐந்து துடிப்பு, மணிக்கு 18,000, நாளுக்கு 4,32,000. அச்சு முனைகள் தேயாமலிருக்க 17 செயற்கை மாணிக்கக் கற்கள். சமன்சக்கரத்தின் அச்சு முனைதான் கடிகாரத்தின் உயிர்நாடி. அது தலைமுடி அளவே தடிமன் உள்ளது. கடிகாரம் கீழே விழுந்தால் முதலில் ஒடிவது அதுவே. அதனால்தான் அம்முனையைத் தாங்கும் கல்லையே ஒரு சிறு வில்லின் மீது அமர்த்தும் முறை 1930களில் பரவியது. அடி விழுந்தால் கல் அசைந்து கொடுத்து மீண்டும் தன் இடத்துக்கு வரும். அப்பாவின் கடிகாரத்தில் அது இருந்தது.

பெரியவர் எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, எண்ணெயிட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார்: "தம்பி, பின்மூடியில 'வாட்டர் புரூஃப்'னு போட்டிருக்கு பாரு. அது கம்பெனிக்காரன் அன்னிக்குச் சொன்னது. இன்னிக்குச் சொல்ல வேண்டியது உள்ள இருக்கற ரப்பர். அது முப்பது வருசத்துக் கிழம். வேற ரப்பர் வரணும். ரெண்டு மூணு வாரம் கழிச்சு வா, போட்டுத் தர்றேன்." நான் தலையாட்டிவிட்டு வந்தேன். பிறகு போகவில்லை. மலைக்குப் போவது மழையில்லாத மாதத்தில்தானே என்று எண்ணிக்கொண்டேன்.

இவ்வகைக் கடிகாரங்கள் பார்த்த சோதனைகளை நூலகத்தில் தேடிப் படித்தேன். 1927 அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி குளிர்ந்த ஆங்கிலக் கால்வாயில் ஒரு ரோலக்ஸ் கடிகாரத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தினார். கரை சேர முடியவில்லை. ஆனால் கடிகாரம் நிற்கவில்லை. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 விண்கலம் பழுதடைந்து திரும்பியபோது, பாதையைச் சரிசெய்ய எஞ்சினை 14 நொடி மட்டும் இயக்க வேண்டியிருந்தது. அந்த 14 நொடியை அளந்தது, சாவி கொடுத்து ஓடும் ஒரு ஒமேகா கைக்கடிகாரம். சுவிட்சர்லாந்தில் கடிகாரத்துக்குத் தரச்சான்று வழங்கும் நிலையம், ஒவ்வொரு கடிகார இயந்திரத்தையும் 15 நாள், ஐந்து நிலைகளில், மூன்று வெப்பநிலைகளில் வைத்துப் பார்க்கிறது. நாளொன்றுக்குச் சராசரி 4 நொடி பின்தங்குவதிலிருந்து 6 நொடி முந்துவது வரை இருந்தால் தேர்ச்சி.

நானும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தினமும் காலை ஆறு மணிக்குச் சாவி கொடுப்பது. கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறிப்பது. இரவில் டயல் மேல்நோக்கி இருக்கப் படுக்க வைத்தால், நாளொன்றுக்கு 22 நொடி முந்தியது. சாவி கீழிருக்க நிறுத்தி வைத்தால் 9 நொடிதான். கடிகாரம் படுத்திருக்கும்போது ஒரு வேகம், நிற்கும்போது வேறு வேகம். இதை அறிந்தவன், கடிகாரத்தைத் திறக்காமலே இரவில் வைக்கும் நிலையை மாற்றிப் பிழையைக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு நாளில் 86,400 நொடிகள் இருக்கின்றன. அதில் 9 நொடி பிழை என்றால் நூற்றுக்கு 99.99 சரி. தேர்வில் இந்த மதிப்பெண் வாங்கியவர் நம் வகுப்பில் எவருமில்லை.

ஒரு சோதனையில் மட்டும் அது தோற்றது; ஆனால் குற்றம் அதனுடையதன்று. சின்ன முள்ளைச் சூரியனை நோக்கிப் பிடித்தால், அதற்கும் 12 என்ற எண்ணுக்கும் நடுவே தெற்குத் திசை என்று சாரணர் புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கல்லூரி மைதானத்தில் செய்து பார்த்தோம். கடிகாரம் காட்டிய தெற்குக்கும் காந்த ஊசி காட்டிய தெற்குக்கும் ஏறக்குறைய 40 பாகை வித்தியாசம்! அம்முறை சூரியன் சாய்ந்தே செல்லும் வடநாடுகளுக்கு உரியது. பூமத்திய ரேகைக்கு 11 பாகை வடக்கே இருக்கும் நமக்குச் சூரியன் தலைக்கு மேலே ஏறி வருவதால் அது பொருந்தாது. போதாக்குறைக்கு நம் கடிகாரம் காட்டுவது 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம். கோவையில் சூரியன் அதற்கு 22 நிமிடம் பிந்தியே வருகிறது. காட்டில் இதை நம்பி நடப்பவன் வேறு ஊருக்குத்தான் போய்ச் சேருவான்.

பங்குனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குப் பூண்டி அடிவாரத்திலிருந்து மூங்கில் தடியுடன் ஏறத் தொடங்கினோம். நண்பர்கள் நால்வர், எங்களோடு ஒரு நண்பனின் தாய்மாமா. அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். 2024-இல் இம்மலை ஏறியவர்கள் சிலர் உயிரிழந்த செய்தி எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. ஆகவே இருபது நிமிடம் நடை, ஐந்து நிமிடம் ஓய்வு என்று முடிவு செய்தோம். நேரம் பார்க்கும் பொறுப்பு எனக்கு. மாமாவின் நாடித்துடிப்பைப் பார்க்கும் பொறுப்பு, ஸ்மார்ட் வாட்ச் வைத்திருந்த நண்பனுக்கு. அவன் அதை மாமாவின் கையிலேயே கட்டிவிட்டான்.

முதல் மலையிலேயே ஒரு குறை தெரிந்தது. இருட்டில் ஒளிர்வதற்காக முள்ளின் மேல் பூசிய பூச்சு எப்போதோ செத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் டார்ச் அடித்துத்தான் மணி பார்க்க முடிந்தது. இரவுப் பயணத்துக்கு இது பெரிய குறைதான், மறைப்பதில் பயனில்லை. அதிர்ச்சியைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. தடியை வலக்கையில் பிடித்து, கடிகாரத்தை இடக்கையில் கட்டியிருந்தேன். இரண்டு இடங்களில் வழுக்கி இடக்கையை ஊன்றி விழுந்தேன். ஒருமுறை கூடு கல்லில் மோதிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. காதில் வைத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது மலையில் மாமா உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. அப்போது பார்த்து ஸ்மார்ட் வாட்ச் அணைந்து போயிருந்தது. நண்பன் முந்தின நாள் சார்ஜ் போட மறந்திருந்தான். அவன் முகம் வெளிறிவிட்டது. நான் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒருவன் டார்ச் அடித்தான். நொடி முள் 12-ஐத் தொட்டதும் எண்ணத் தொடங்கி, 3-ஐத் தொட்டதும் நிறுத்தினேன். பதினைந்து நொடியில் 36 துடிப்பு, நிமிடத்துக்கு 144. "மாமா, இனி இங்கேயே உட்காரலாம். நூறுக்கு இறங்காமல் எழுந்திருக்கக் கூடாது" என்றேன். அந்தச் சிறிய முள் அந்த இருட்டில் தயங்காமல் சுற்றி வருவதைப் பார்த்தபோது, இதே முள்ளை இதே போன்ற இருட்டில் அப்பா எத்தனை முறை பார்த்திருப்பார் என்று தோன்றியது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணினேன். 33, 31, 28. பன்னிரண்டாவது நிமிடம் 25. மாமா நிமிர்ந்து பார்த்து, "தண்ணி குடுங்கப்பா" என்றார். எங்களுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அதற்கு மேல் அவர் ஏறவில்லை. இரண்டு நண்பர்கள் அவரோடு தங்கினார்கள். நானும் ஸ்மார்ட் வாட்ச் நண்பனும் மேலே போனோம்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடிகாரம் கைகொடுத்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழாம் மலைக்கு முன்னே வரும் ஆண்டி சுனையில் எல்லோரும் குளித்தார்கள். பனிக்கட்டி போன்ற தண்ணீர். நானும் இறங்கினேன், கடிகாரத்தோடு. பெரியவர் சொன்னது நினைவுக்கு வராமலில்லை. கல்லில் மோதியே பிழைத்த கடிகாரத்தைத் தண்ணீர் என்ன செய்யும் என்று நினைத்தேன்.

உச்சியில் பொழுது விடிந்தது. எல்லோரும் சூரியனைக் கும்பிட்டார்கள். நான் மணி பார்த்தேன். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்திருந்தது. அதன் பின்னால் முட்கள் நிழல்போலத் தெரிந்தன. சூரிய உதயம் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அதைப் பார்க்கவில்லை.

இறங்கும்போது மாமா நன்றாக நடந்தார். நான்தான் நடக்க முடியாமல் நடந்தேன். கைக்குட்டையில் சுற்றிய கடிகாரத்தை அடிக்கடி காதில் வைத்துப் பார்த்தபடி வந்தேன். அடிவாரத்திலிருந்து நேரே பெரியவர் கடைக்குப் போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பின்மூடியைத் திறந்தார். ரப்பர் வளையம் இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. சாவித் தண்டில் துரு தொட்டிருந்தது. "நாளைக்குக் கொண்டாந்திருந்தா ஹேர்ஸ்பிரிங்கையும் துரு தின்னிருக்கும். இன்னிக்கே வந்தே, பொழைச்சுது" என்றார். எல்லாவற்றையும் கழற்றி உலர்த்தி, புதுத் தண்டும் புது ரப்பரும் போட நான்கு நாள் ஆயிற்று. டயலில் நான்கு என்ற எண்ணின் பக்கத்தில் ஒரு பழுப்புக் கறை மட்டும் போகவில்லை.

கறையை அம்மாவிடம் மறைக்க முடியாது, மறைக்கவும் மனமில்லை. நடந்ததைச் சொல்லிக் கடிகாரத்தை அவர்கள் கையில் கொடுத்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "உங்கப்பா ஆத்துல எறங்கறதுக்கு முன்னால இதைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுப் பொத்தானைப் போட்டுக்குவாரு. மழை வந்தா அப்படியே குடை மாதிரி கையை அது மேல வச்சுக்குவாரு. நான்கூடச் சிரிப்பேன்" என்றார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருபத்தாறு ஆண்டுக் காட்டு வாழ்வின் கீறல்கள் கூட்டின் மேலெல்லாம் இருக்க, டயலில் ஒரு சொட்டுக் கறைகூட இல்லாதிருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் கடிகாரத்தின் உறுதி என்று நான் ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்ததில் பாதி, அப்பாவின் பழக்கம். காலை ஆறு மணிக்குச் சாவி கொடுப்பவனிடம் அது ஓடும். தண்ணீரைக் கண்டால் கழற்றுபவனிடம் அது பிழைக்கும். சார்ஜ் போட மறந்த நண்பனுக்கும் எனக்கும் ஒரே குற்றம்தான். அவனை நாங்கள் கேலி செய்தது தவறு.

ஆகவே என் தீர்ப்பு இது. நேரம் காட்டுவதில் நம்பலாம். அடி தாங்கும். இருட்டுக்கு உதவாது, டார்ச் வேண்டும். திசை பார்க்க வேண்டாம். தண்ணீர்ச் சோதனையில் தோற்றது கடிகாரம் அன்று. மலைக்குப் பழைய கடிகாரம் கட்டிச் செல்ல விரும்பும் நண்பர்கள், பின்மூடியில் உள்ள எழுத்தைப் படிப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கும் ரப்பரின் வயதைக் கேட்டறியுங்கள்.

கடிகாரம் இப்போது மீண்டும் என் கையில்தான் இருக்கிறது; அம்மாவே கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். புதிதாகத் தைக்கும் சட்டைகளுக்கெல்லாம் பையில் பொத்தான் வைக்கச் சொல்லித் தையற்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.