உதவத் தூண்டுவது எது?

மனிதன் மற்றொரு மனிதனுக்கு ஏன் உதவுகிறான்? இக்கேள்விக்கு உலகம் இரண்டு விடைகளை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. இரக்கம் மனிதனுக்கு இயல்பு, ஆகவே உதவுகிறான் என்பது ஒன்று. உதவி என்பதும் ஒருவகைக் கொடுக்கல் வாங்கலே. புகழோ, புண்ணியமோ, பின்னொரு நாள் திரும்பி வரும் கைம்மாறோ, ஏதேனும் ஒன்றைக் கருதியே மனிதன் கை நீட்டுகிறான் என்பது மற்றொன்று. முதல் விடை கேட்பதற்கு இனிக்கிறது. இரண்டாவது விடையோ, உலகத்தில் அடிபட்டவர்களின் வாயிலிருந்து வருவதால் உண்மை போலத் தோன்றுகிறது. இரண்டில் எது சரி?

நான் உளநூல் கற்ற பேராசிரியன் அல்லன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவன். ஆயினும் மனிதர்களைப் பார்த்துப் பாடம் படிக்க ரயில் நிலையத்தினும் சிறந்த பள்ளிக்கூடம் வேறில்லை. விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் பன்னிரண்டு ஆண்டுகள் அமர்ந்து கண்டவற்றையும், ஓய்வு நேரத்தில் நூல்நிலையத்தில் படித்தவற்றையும் ஒப்பு நோக்கியதில் தோன்றிய சில எண்ணங்களை நேயர்கள் முன் வைக்கிறேன்.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தாமஸ் ஹாப்ஸ் என்னும் தத்துவ அறிஞர், மனிதன் தன்னலத்தாலேயே இயங்குகிறான் என்னும் கொள்கைக்குப் பெயர் பெற்றவர். அவர் ஒரு நாள் தெருவில் கிழப் பிச்சைக்காரன் ஒருவனுக்குக் காசு கொடுத்தாராம். அருகிலிருந்த பாதிரியார், 'கிறிஸ்துவின் கட்டளை இல்லாதிருந்தால் இதைச் செய்திருப்பீர்களா?' என்று கேட்டார். ஹாப்ஸ், 'செய்திருப்பேன். அவனுடைய துன்பத்தைக் கண்டதும் எனக்கும் நோவு உண்டாயிற்று. நான் கொடுத்த காசு அவனுக்கும் ஆறுதல். எனக்கும் ஆறுதல்' என்னும் கருத்துப்பட விடை சொன்னார். அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதிய ஜான் ஆப்ரே இச்செய்தியைப் பதிந்திருக்கிறார்.

ஹாப்ஸ் சொன்னது பொய் அன்று. உதவியவனுக்கு உள்ளத்தில் ஓர் ஆறுதல் பிறக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஆறுதலுக்காகவே அவன் உதவினான் என்று எப்படிச் சொல்வது? வண்டி ஓடும்போது ஜன்னல் ஓரத்தில் காற்று வீசுகிறது. காற்று வீசவேண்டும் என்பதற்காக வண்டி ஓடுவதில்லை. விளைவு வேறு, நோக்கம் வேறு.

இவ்விரண்டையும் பிரித்துக் காண ஓர் ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கான்ஸாஸ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டேனியல் பேட்ஸன் என்பவரும் அவருடைய துணைவர்களும் 1981ஆம் ஆண்டில் அதை வெளியிட்டனர். ஓர் இளம்பெண் மின்சார அதிர்ச்சிக்கு ஆளாகித் துடிப்பதுபோல் ஒரு காட்சி. அது நடிப்பே. எனினும் பார்ப்பவர்கள் அதை மெய்யென்றே நம்பினர். சிலரிடம், 'சிறிது நேரம் பார்த்துவிட்டு நீங்கள் போய்விடலாம்' என்று சொல்லப்பட்டது. வேறு சிலர் கடைசி வரை பார்த்துத் தீரவேண்டும். பிறகு, 'அவளுக்குப் பதிலாக நீங்கள் அந்த அதிர்ச்சியை ஏற்றுக்கொள்வீர்களா?' என்று எல்லாரையும் கேட்டனர். அவளிடம் அவ்வளவாகப் பரிவு கொள்ளாதவர்களில் பெரும்பாலோர், வழி கிடைத்ததும் போய்விட்டனர். பரிவு மிகுந்தவர்களில் பெரும்பாலோர், வெளியேறக் கதவு திறந்திருந்தும், 'நான் ஏற்கிறேன்' என்று முன்வந்தனர். தம் மனநோவு தீர்வதே நோக்கமானால் எழுந்து போவதன்றோ எளிய வழி?

நம் முன்னோரும் இவ்வேறுபாட்டை அறிந்தே இருந்தனர். ஆய் என்னும் வள்ளலை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் 134ஆம் பாட்டாக உள்ளது. மறுமையில் ஊதியம் வரும் என்று கணக்கிட்டுக் கொடுக்கும் வியாபாரி போன்றவன் அல்லன் அவன் என்பதே அவ்வள்ளலுக்குப் புலவர் சூட்டிய பெருமை. அந்நாளிலும் அப்படிக் கணக்கிட்டுக் கொடுத்தவர் இருந்திருக்கவேண்டும். இல்லையேல் இவனைப் பிரித்துப் பாடவேண்டிய தேவை ஏது?

ஆகவே, இரக்கம் என்பது மெய்யாகவே உண்டு. இத்துடன் ஆராய்ச்சி முடிந்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ரயில் நிலையத்தில் வேலை செய்பவனுக்கு இதனினும் கடினமான ஒரு கேள்வி எதிர்நிற்கிறது. இரக்கம் உள்ளவர்களும் பல வேளைகளில் உதவாமல் நிற்கிறார்களே, அது ஏன்?

ஒரு கோடைக்கால மாலை. மேம்பாலத்தின் மீது வந்துகொண்டிருந்தேன். கீழே பிளாட்பாரத்தில் முதியவர் ஒருவர் தடுமாறி உட்கார்ந்து, பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தார். சுற்றிலும் நூறு பேர் இருப்பர். ஒருவரும் அசையவில்லை. அவர்கள் முதியவரைப் பார்த்தனர். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். நான் படிகளில் விரைந்து இறங்கி வருவதற்குள், சிவப்புச் சட்டை அணிந்த கூலி ஒருவர் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, முதியவரின் தலையைத் தம் மடியில் ஏந்திக்கொண்டார். எதிரே நின்ற இளைஞனைச் சுட்டி, 'நீ தண்ணீர் கொண்டு வா' என்றார். மற்றொருவரைச் சுட்டி, 'நீங்கள் போய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லுங்கள்' என்றார். அவ்வளவுதான். ஓர் அம்மாள் முந்தானையால் விசிறினார். ஒருவர் தம் பெட்டியைத் தலைக்கு அணையாக வைத்தார். வேறொருவர் உப்பும் சர்க்கரையும் தேடி ஓடினார். முதியவர் பிழைத்தார். ஒரு நிமிஷத்துக்கு முன்பு கல்லாக நின்றவர்களும் இவர்களே; இப்போது தாயாக மாறியவர்களும் இவர்களே. அந்த ஒரு நிமிஷத்தில் அவர்களுடைய குணம் மாறிவிட்டது என்று யார் சொல்ல முடியும்?

இப்புதிருக்கு விடை காண முயன்றவர்கள் ஜான் டார்லி, பிப் லட்டானே என்னும் இரு அறிஞர்கள். 1964ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஓர் இளம்பெண் இரவில் கொலையுண்டாள். 38 பேர் பார்த்துக்கொண்டு வாளா இருந்தனர் என்று ஒரு நாளிதழ் எழுதியது. அச்செய்தி மிகைப்பட்டது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. எனினும் அது எழுப்பிய கேள்வி பயனுள்ளது. 1968இல் இவ்விருவரும் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் தனித்தனி அறைகளில் அமர்ந்து ஒலிவாங்கி வழியாகப் பேசிக்கொண்டனர். நடுவே ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் திணறியது. கேட்பவர் தாம் ஒருவரே என்று எண்ணியபோது, குரல் ஓய்வதற்குள் நூற்றுக்கு 85 பேர் உதவிக்கு எழுந்தனர். இன்னொருவரும் கேட்கிறார் என்று எண்ணியபோது அது 62 ஆயிற்று. இன்னும் நால்வர் கேட்கின்றனர் என்று எண்ணியபோது 31 ஆகக் குறைந்தது. எழாதவர்களும் மரத்துப் போனவர்களாக இல்லை. அவர்களுடைய கை நடுங்கிற்று, உள்ளங்கை வியர்த்தது. 'வேறு யாரேனும் செய்வர்' என்னும் எண்ணமே அவர்களைக் கட்டி வைத்தது. பொறுப்பு பலர்மேல் பரவும்போது ஒவ்வொருவர் பங்கும் மெலிந்துவிடுகிறது.

மற்றொரு தடை அவசரம். அது எங்கள் தொழிலோடு பிறந்தது. 1973இல் டார்லியும் பேட்ஸனும் பிரின்ஸ்டன் நகரில் இறையியல் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குச் சொற்பொழிவு செய்ய அனுப்பினர். வழியில் ஒருவன் சுருண்டு கிடந்து முனகினான். சாவகாசமாகச் சென்றவர்களில் நூற்றுக்கு 63 பேர் நின்று உதவினர். மிக அவசரமாகச் சென்றவர்களிலோ 10 பேரே நின்றனர். அம்மாணவர்களில் பாதிப்பேர் பேசவிருந்த பொருள் என்ன தெரியுமா? வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றிய விவிலியக் கதை! நல்லுரையை நெஞ்சில் சுமந்து செல்பவனையும் கடிகாரம் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

ஆனால் கூட்டம் என்றாலே உதவி இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. 1969இல் வெளியான ஓர் ஆராய்ச்சி ஓடும் ரயிலிலேயே நடந்தது. நியூயார்க்கின் சுரங்க ரயிலில் ஒருவன் நிலைகுலைந்து விழுவான். கையில் ஊன்றுகோல் வைத்திருந்து விழுந்த 65 முறைகளில் 62 முறை யாரும் கேளாமலே உதவி கிடைத்தது. குடிகாரனைப் போல விழுந்த 38 முறைகளில் 19 முறை கிடைத்தது. பெட்டியில் கூட்டம் மிகுந்திருந்தாலும் உதவி குறையவில்லை. பெட்டிக்குள் எல்லாரும் ஒன்றாக அடைபட்டிருக்கின்றனர். விழுந்தவன் கண்ணெதிரே கிடக்கிறான். அவனுக்கு வேண்டியது இன்னது என்பதில் ஐயமில்லை. நம் ஊர் வண்டிகளிலும் இதைக் காண்கிறோம். ஏறும்போது இடத்துக்காக மல்லுக்கு நின்றவர்களே, இரண்டாம் நாள் காலையில் ஒருவர் குழந்தைக்கு ஒருவர் பால் ஆற்றிக்கொண்டிருப்பர். அதே மனிதர்கள் இறங்கிப் பிளாட்பாரத்துக் கூட்டத்தில் கலந்ததும் அயலாராகிவிடுகின்றனர்.

எனவே நான் கண்ட முடிவு இது: உதவி பிறப்பதற்கு நல்ல மனம் மட்டும் போதாது. 'இது என் கடமை' என்று ஒருவன் உணரவேண்டும். அந்த உணர்ச்சி, தான் எந்த வட்டத்துக்குள் நிற்கிறோம் என்று அவன் எண்ணுவதைப் பொறுத்தது.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இந்த வட்டம் மிக நெருங்கிய செய்தி. ஜன்னலுக்கு அப்பால் ஒரு தமிழ்க் குரல் கேட்டால் என் காது தானே நிமிர்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வட்டம் கல்லில் வெட்டியது அன்று. இங்கிலாந்தில் மான்செஸ்டர் யுனைடெட் என்னும் கால்பந்துக் குழுவின் அன்பர்களை வைத்து நடந்து, 2005இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதைக் காட்டுகிறது. தம் குழுவின் சட்டை அணிந்தவன் இடறி விழுந்தபோது அவர்கள் ஓடி உதவினர். எதிர்க்குழுச் சட்டைக்காரனுக்கு அவ்வாறு உதவவில்லை. ஆனால், 'நாம் எல்லோரும் கால்பந்து அன்பர்கள்' என்னும் நினைவை முதலில் ஊட்டிய பின்னர், எதிர்க்குழுச் சட்டைக்காரனுக்கும் உதவினர். எந்தச் சட்டையும் அணியாத சாதாரண மனிதனோ அப்போதும் வெளியேதான் நின்றான்.

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். நாடு முழுதும் ஊரடங்கு. பயணி வண்டிகள் நின்றுவிட்டன. சரக்கு வண்டிகளும் பார்சல் வண்டிகளும் மட்டும் ஓடின. நான் பார்சல் பகுதியில் இரவு வேலையில் இருந்தேன். என் மனைவிக்குக் குறித்த நாளுக்கு முன்பே இடுப்பு வலி கண்டது. அவளுக்கு அப்போது தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. அடுத்த வீட்டில் பீகாரிலிருந்து வந்த குடும்பம். அந்த அம்மையாருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அவரே காய்கறி வண்டி ஒன்றை மறித்து, என் மனைவியை ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார். தொற்றுக்கு அஞ்சி உறவினர்களே ஒதுங்கிய காலத்தில் இரண்டு இரவுகள் அங்கேயே தங்கினார். பின்னொரு நாள், 'எங்களுக்காக ஏன் இவ்வளவு துன்பப்பட்டீர்கள்?' என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. 'அவள் அழுதாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான்தானே இருந்தேன்?' என்றார். பேராசிரியர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து கண்ட உண்மையை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் சங்கத்தின் மருத்துவ உதவி நிதியிலிருந்து, சங்கக் கட்டடத்தின் காவலாளியுடைய மனைவியின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கொடுக்கலாமா என்னும் பேச்சு எழுந்துள்ளது. அவர் தமிழர் அல்லர். சங்க உறுப்பினரும் அல்லர். நிதி உறுப்பினர்களின் சந்தாவால் சேர்ந்தது, அதை அவர்களுக்கென்றே காக்கவேண்டும் என்று அன்பர் சிலர் கருதுகின்றனர். அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். வெள்ளக் காலத்தில் முதலில் பணம் கொடுத்தவர்களும் அவர்களே. நிதி வற்றிவிட்டால் நாளை நம்மவர் ஒருவருக்கு இல்லாமற் போகுமே என்னும் அச்சமும் நியாயமானதே. ஆயினும் பொதுக்குழு முடிவு செய்வதற்கு முன் ஒன்றைச் சிந்திக்க வேண்டுகிறேன். அவருக்கு உதவ வேறு யாரோ இருப்பர் என்று நாம் எண்ணுகிறோம். அவருடைய ஊர் இங்கிருந்து மிகத் தொலைவு. இரவும் பகலும் நம் வாயிலில் அமர்ந்திருப்பவருக்குச் சுவரின் இந்தப் பக்கத்தில் நம்மைத் தவிர யார் இருக்கின்றனர்? நிதிக்கு ஊறு நேராதபடி, இதற்கென்றே தனியாக ஒரு பட்டியல் திறக்கலாம். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக, வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்கத் தக்க சில செய்திகள். கூட்டத்தின் நடுவே உங்களுக்கு உதவி தேவைப்பட்டால், 'யாராவது வாருங்கள்' என்று கூவாதீர்கள். ஒருவரைச் சுட்டி, 'நீலச் சட்டை அணிந்த ஐயா, நீங்கள் வாருங்கள்' என்று அழையுங்கள். பொறுப்பு அவர்மேல் இறங்கிவிடும். சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட்டு என்று அலையவேண்டும் என்னும் பழைய அச்சத்தையும் விட்டுவிடலாம். உதவ வருபவர்களைக் காக்கும் அரசு நெறிகளுக்கு 2016ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை கொடுத்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும், நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. நம் பெயரைச் சொல்லும்படியும் வற்புறுத்த முடியாது.

புதிதாக இவ்வூருக்கு வந்த குடும்பம் எதையேனும் கண்டால், சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இராமல், அன்று மாலையே ஒரு நடை சென்று கதவைத் தட்டிவிட்டு வாருங்கள். அவர்கள் பேசுவது எந்த மொழியானால் என்ன?