செல் மேல் பழி, ஸ்பிரிங்கில் களிம்பு

ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். வெயில் ஏறிவிட்டதால் ஷேர் ஆட்டோ பிடித்தேன், 20 ரூபாய். கையில் பிடிக்கிற ஜிபிஎஸ் செல்லைக் குடிக்கிறது என்று ஃபைபர் படகுக்காரர்கள் புலம்புவதைக் கேட்டுத்தான் கிளம்பியது.

கரையில் ஒரு பெரியவர் பிளாஸ்டிக் பையைப் பிரித்துக் கருவியைக் காட்டினார். "புது செல்லு போட்டாலும் கொஞ்ச நேரத்துல ஆஃப் ஆயிடுது தம்பி. மெஷினே போச்சுன்றாங்க." புதிது 15,000 ரூபாய்க்கு மேல். பணத்தைவிடப் பெரிய கவலை, மீன் அடையும் கடலடிப் பாறைத் திட்டுகளை, அதாவது பார்களை, வருடக்கணக்காக அதில் குறித்து வைத்திருக்கிறார். செல் செத்தால் அந்தப் புள்ளிகளும் அழிந்துவிடுமோ என்று பயம்.

அவரோடு பக்கத்துச் சந்தில் இருந்த ரிப்பேர் கடைக்குப் போனேன். சாலிடர் புகையும் கருவாட்டு வாடையும் கலந்து அடித்தது. மெக்கானிக் செல்களை வெளியே எடுத்து மீட்டர் வைத்தார். சார்ஜ் ஏற்றுகிற ரகம். ஒன்றில் 1.31 வோல்ட், இன்னொன்றில் 1.19. பழசும் புதுசும் ஜோடி சேர்ந்திருக்கின்றன. கருவியில் போட்டு விளக்கை முழுதாக எரியவிட்டதும் பழசு ஒரு வோல்ட்டுக்குக் கீழே சரிந்தது. "சும்மா கிடக்கும்போது காட்டுற வோல்ட்டை நம்பக் கூடாது சார்."

சரி, செல்தான் குற்றவாளி என்று நினைத்தேன். ஆனால் புது ஆல்கலைன் செல்களைப் போட்டும் திரை ஒருமுறை அணைந்தது. மறுபடி ஆன் செய்து, மூடி கழன்றிருக்கும்போதே மீட்டரின் ஒரு முள்ளைச் செல்லின் அடியிலும் மற்றதை ஸ்பிரிங் வேரிலும் வைக்கச் சொல்லிப் பார்த்தேன். சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் 0.3 வோல்ட். அவ்வளவும் தொடும் இடத்திலேயே வீணாகிறது. குனிந்து பார்த்தால் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் பச்சைக் களிம்பு, பக்கத்தில் எப்போதோ ஒழுகிய செல்லின் வெள்ளைப் பொருக்கு. தண்ணீரில் முக்கினாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லி விற்ற கருவி! மூடியின் ரப்பர் வாஷரில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. போதாததற்கு, கடலில் ஈரக்கையோடு செல் மாற்றுவதைப் பெரியவரே ஒப்புக்கொண்டார்.

வெள்ளைப் பொருக்கு காரம் என்பதால் பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தார். பிறகு ஸ்பிரிட், பழைய டூத் பிரஷ். களிம்பை இங்க் ரப்பரால் தேய்த்தார். உப்புத்தாள் கூடவே கூடாதாம். முலாம் போய்விட்டால் துரு இன்னும் வேகமாக ஏறும். மறுபடி அளந்தபோது 0.02.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. செட்டிங்கில் செல் வகை 'ஆல்கலைன்' என்றே இருந்தது. ஏற்றுகிற செல்லின் இயல்பே 1.2 வோல்ட்தான், கருவி அதை ஆல்கலைன் கணக்கில் பார்த்துவிட்டு, சார்ஜ் இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாக அலறும். இனி எந்த ரகம் போடுகிறாரோ, அந்த வகைக்கு மாற்ற வேண்டும். எங்கே மாற்றுவது என்று மெக்கானிக் காட்டிக் கொடுத்தார்.

"இனி நிக்கும்" என்றார். நான் உடனே விடவில்லை. விளக்கை முழுதாக வைத்து மேஜையில் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனோம், வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தோம். திரும்பியபோது திரை எரிந்துகொண்டிருந்தது, பேட்டரிக் கோடு ஒன்றுகூடக் குறையவில்லை. புள்ளிகளும் பத்திரம், அவை செல்லை நம்பி நிற்பவை அல்ல. கூலி 150 ரூபாய். பெரியவர் என்னை எட்டப் போகச் சொல்லிவிட்டு, திரையைக் கையால் மறைத்தபடி எண்களை நோட்டில் எழுத ஆரம்பித்தார்.