கெஞ்சி ஏறிய குட்டியானை

2022 ஏப்ரல் 2, தெலுங்கு வருடப் பிறப்பு. ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கம், செம்பரை ஆஞ்சநேயர் கோயிலுக்குப் புலியூர்க்காரர்களை ஏற்றிப்போன சரக்கு வண்டி பள்ளத்தில் உருண்டு 11 பேர் செத்துப்போனார்கள். செய்தியைப் படித்ததும் அலுவலகத்தில் சத்தம் போட்டவன் நான். "படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் இந்த ஜனங்க கேக்குறதில்ல" என்றேன். பின்னாளில் அதே மலையில், அதே மாதிரி வண்டியில் நானும் ஏறினேன். கெஞ்சி ஏறினேன்.

மார்கழிப் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை வந்து, 14 கிலோமீட்டர் கிரிவலத்தை முடித்த தெம்பில், முதுகுப்பையோடு ஜவ்வாது மலைக்கும் ஓர் எட்டு போய்வரலாம் என்று கிளம்பினேன். போளூர் வரை பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. மேலே ஜமுனாமரத்தூர் போய்விட்டால் பஸ் வைத்ததுதான் சட்டம். கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே கண்டக்டர் சொல்லித்தான் அனுப்பினார். பீமன் அருவியில் குளித்த சுகத்தில் அதைக் கோட்டை விட்டேன்.

சாமை மூட்டை ஏற்றிய ஒரு குட்டியானை போளூருக்கு இறங்கத் தயாராக நின்றது. டிரைவர் சின்னப் பையன். "ஆள ஏத்தக்கூடாது சார், புடிச்சா லைசென்ஸ் போயிடும்" என்றான். நான் விடவில்லை, தொகையை ஏற்றிக்கொண்டே போனேன். கடைசியில் பின்பக்கம் கையைக் காட்டினான். அதைப் பார்த்து ஒரு பாட்டி பேத்தியோடு ஓடிவந்தார். "சாரையே ஏத்திக்கினியே, எங்கள மாட்டேன்னுவியா?" அதற்கு அவனிடம் பதில் இல்லை.

கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எதிரே வந்த லாரிக்காக அவன் பிரேக் அடிக்க, மூட்டைகள் சரிந்தன. அந்த நொடியில் என் கை முதலில் பிடித்தது பையை. கேமரா அதில் இருந்தது. குழந்தையைப் பிடித்தது அப்புறம்தான். பாட்டியின் கால் மூட்டைக்கு அடியில் சிக்கி, போளூரில் இறங்கும்போது புசுபுசுவென்று வீங்கியிருந்தது. ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தேன். கூடப் போகவில்லை. சென்னை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

வண்டி உருண்டிருந்தால்? சரக்கு வண்டியில் ஏறிய பயணிக்கு இழப்பீடு தர காப்பீட்டு நிறுவனம் கடமைப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. அந்தச் சுமை வண்டியின் உரிமையாளர் தலையில் விழும்; அவரிடம் இல்லையென்றால் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியதுதான். இது எனக்குத் தெரியும். பாட்டிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஊர் வந்து இதைச் சாகசக் கதையாகச் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். வீங்கிய காலை மட்டும் கதையிலிருந்து எடுத்துவிட்டிருந்தேன்.

கோயிலுக்குப் போகவும் சந்தைக்குப் போகவும் அந்த மலை ஜனங்களுக்குப் பல ஊர்களில் வேறு வண்டி இல்லை. எனக்கு இருந்தது. ஜமுனாமரத்தூரில் ஓர் இரவு தங்கியிருக்கலாம், கீழிருந்து வாடகைக் காரை வரவழைத்திருக்கலாம். அந்தச் செலவுக்கு மனம் வராமல்தான் ஒரு பையனின் லைசென்ஸையும் ஒரு பாட்டியின் காலையும் பணயம் வைத்தேன்.

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸிலேயே இறங்கிவிடுங்கள். அதையும் விட்டால் மேலேயே தங்குங்கள். மாட்டேன் என்கிற டிரைவரிடம் பணத்தை நீட்டாதீர்கள்.