காற்றை அடைக்கும் பெட்டி

சிக்னலில் நிற்கிறீர்கள். பக்கத்துக் காரில் கண்ணாடி மொத்தமும் ஏற்றியிருக்கிறது. உள்ளே என்ன பாட்டு ஓடுகிறது என்று தெரியாது. பாடுவது எஸ்.பி.பி.யா, ஜானகியா என்பதுகூடத் தெரியாது. ஆனால், ‘தும்... தும்...’ என்று ஒன்று மட்டும் கதவைத் தாண்டி வந்து நேராக உங்கள் அடிவயிற்றில் உட்காரும். ‘கொழுப்பைப் பாரு!’ என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, பச்சை விழுந்ததும் கிளம்பிவிடுவீர்கள்.

அந்தத் ‘தும்’மை உற்பத்தி செய்யும் வஸ்துவுக்கு சப்-ஊஃபர் என்று பெயர். ஒரு பெரிய ஸ்பீக்கர், அதைவிடப் பெரிய பெட்டி, ஓர் ஆம்ப்ளிஃபயர். பெரம்பலூரில் இருக்கும் என் தாய்மாமா மகன், தன் பழைய காருக்கு இப்படி ஒன்று செய்யப்போவதாகச் சொன்னான். கடையில் ரெடிமேட் பெட்டி கிடைக்கும். இவனோ ஆசாரியை வைத்து அளவெடுத்துச் செய்கிறானாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். பத்திரிகைக்காரனுக்கு வேடிக்கை பார்ப்பதுதானே உத்தியோகம்!

துறைமங்கலம் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. ஆசாரி பலகை அறுத்துக்கொண்டிருந்தார். கார் ஆடியோ கடைத் தம்பி ஸ்பீக்கரோடு வந்திருந்தார். 12 இஞ்ச். தூக்கிப் பார்த்தால் நல்ல தேங்காய் மூட்டை கனம்.

“முதல்ல ஒரு வேடிக்கை பாருங்க சார்” என்று, ஸ்பீக்கரைப் பெட்டியில் பொருத்தாமல் வெறுமனே பெஞ்சில் நிறுத்தி ஒயரைக் கொடுத்தார். கூம்பு முன்னும் பின்னும் ஆவேசமாகத் துள்ளுகிறது. சத்தத்தைக் காணோம்! ஏதோ ஈனஸ்வரத்தில் முனகுகிறது, அவ்வளவுதான்.

நான் பி.காம். ஃபிஸிக்ஸுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முடிந்துவிட்டது. அதனால், “ஏன் தம்பி?” என்று கேட்க வெட்கப்படவில்லை.

“முன்பக்கம் காத்தைத் தள்ளுறப்ப, பின்பக்கம் இழுக்குது சார். ரெண்டும் ஓரமா சுத்தி வந்து சந்திச்சுக்குது. ஒண்ணை ஒண்ணு அடிச்சுடுது. மிச்சம் ஒண்ணும் இல்ல.”

அட, நம்ம ஐந்தொகை! இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு. கூட்டிக் கழித்தால் பாக்கி பூஜ்யம். ஐந்தொகை சரியாக இருந்தால் ஆடிட்டருக்குச் சந்தோஷம். ஸ்பீக்கருக்கு அதுவே சாவு.

ஏன் கீழ் ஸ்தாயிக்கு மட்டும் இந்தக் கதி? காரணம் அலையின் நீளம். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. 41 ஹெர்ட்ஸ். அந்தச் சத்தத்தின் ஓர் அலை எட்டு மீட்டருக்கும் மேல் நீளம். அதாவது, இரண்டு கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம். அவ்வளவு நீள அலைக்கு ஓர் அடி அகல ஸ்பீக்கர் ஒரு தடையா? சுலபமாகச் சுற்றி வந்துவிடும். மேல் ஸ்தாயி அலைகள் அங்குலக் கணக்கில் இருப்பவை. அவை இப்படிச் சுற்றி வருவதில்லை.

இப்போது புரிகிறதா? பெட்டி சத்தத்தைப் பெருக்குவதில்லை. பின்பக்கத்துச் சத்தத்தைப் பிடித்து உள்ளே போட்டு, பூட்டிவிடுகிறது. பாதிச் சத்தத்தைச் சிறையில் வைத்தால்தான் மீதிப் பாதி வெளியே பேச முடியும்.

அடைபட்ட காற்றும் சும்மா இருப்பதில்லை. ஸ்பீக்கர் உள்ளே வந்தால் எதிர்த்துத் தள்ளும். வெளியே போனால் பிடித்து இழுக்கும். ஒரு ஸ்பிரிங் மாதிரி. காற்றையே ஸ்பிரிங்காக்கி, புத்தக அலமாரியில் வைக்கும் சைஸ் பெட்டியில் ஆழமான சத்தத்தைக் கொண்டுவந்தவர் எட்கர் வில்ச்சுர் என்ற அமெரிக்கர். வருடம் 1954. அதுவரை நல்ல பேஸ் வேண்டுமென்றால் பீரோ சைஸில் பெட்டி தேவைப்பட்டது. பிறகு 1961-ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல், எழுபதுகளின் தொடக்கத்தில் சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால், இருவரும் இதை முழுசாகக் கணக்குக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சில எண்கள். எண்களைப் போட்டால் பெட்டியின் கொள்ளளவு விடையாக வரும். தீல்-ஸ்மால் எண்கள் என்று இன்றும் ஸ்பீக்கர் அட்டைப்பெட்டிக்குள் வரும் காகிதத்தில் அச்சடிக்கிறார்கள். பெரம்பலூர் ஆசாரியின் காதில் பென்சில் இருந்தது; கையில் அந்தக் காகிதம் இருந்தது!

கணக்கு இதுதான். உள் அளவு 15 அங்குல அகலம், 13 உயரம், 10 ஆழம். பெருக்கினால் 1,950 கன அங்குலம். ஒரு கன அடிக்கு 1,728. ஆக, ஏறக்குறைய ஒன்றே அரைக்கால் கன அடி. ஸ்பீக்கரின் காந்தம் உள்ளே அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால், ஏறக்குறைய ஒரு கன அடி. இந்த ஸ்பீக்கர் கேட்பதும் அதைத்தான். பலகை 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். லேசான பலகை போட்டால் பெட்டியே பாட ஆரம்பித்துவிடும். இணைப்பில் ஃபெவிகால், வரிசையாக ஸ்க்ரூ, உள் மூலைகளில் சிலிக்கான்.

“ஓட்டை வெச்சா சத்தம் இன்னும் தூக்குமாமே?” என்றான் மச்சான். உண்மைதான். காலி பாட்டில் வாயில் ஊதினால் ‘பூம்’ என்கிறதே, அதே தத்துவத்தில் பெட்டிக்குக் குழாய் வைப்பதுண்டு. ஆனால், குழாயின் நீளம் கொஞ்சம் பிசகினாலும் எல்லாப் பாட்டும் ஒரே சுருதியில் உறுமும். மூடிய பெட்டி சின்னத் தப்புகளை மன்னிக்கும். ஆசாரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “மூடிடுவோம்.”

கடைசிப் பரீட்சை பிரமாதம். பாட்டை ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி இணைப்பு ஓரமாகவே மெதுவாக நகர்த்தினார். புகை நேராகப் போனால் பாஸ். ஓர் இடத்தில் மட்டும் வெடுக் வெடுக்கென்று துடித்தது. அங்கே காற்று கசிகிறது. இன்னும் கொஞ்சம் சிலிக்கான்.

இத்தனை மெனக்கெடல் எதற்கு என்று மச்சானைக் கேட்டேன். ஊரைக் கூட்டுவதற்கு என்றுதான் பதில் வரும் என நினைத்தேன்.

“அப்பாவுக்கு” என்றான்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். பத்துக் கோடி வருடங்களுக்கு முன் இந்தப் பகுதியில் கடல் இருந்தது. சுருள் சுருளான அம்மோனைட் ஓடுகளைக் காரைப் பக்கம் இன்றும் பார்க்கலாம். அந்தக் கடல் உயிர்களின் ஓடுகள் சேர்ந்து படிந்ததுதான் சுண்ணாம்புக்கல். அதை அரைத்துச் சுட்டு, மறுபடி அரைத்தால் சிமென்ட். நம் வீட்டுச் சுவரில் இருப்பது அதுதான்.

அரைத்தவர்களில் ஒருவர் என் மாமா. இங்கே ஒரு சிமென்ட் ஆலையில் மில் பிரிவில் முப்பத்தொரு வருடம். சுழலும் ராட்சச உருளைக்குள் ஆயிரக்கணக்கான இரும்புக் குண்டுகள் உருண்டு கல்லை நொறுக்கும். பக்கத்தில் நின்றால் நூறு டெசிபல் சர்வசாதாரணம். காதுக்கு அடைப்பான் உண்டா என்றால், உண்டு. ஸ்டோர் ரூம் அலமாரியில் பத்திரமாக உண்டு. மாமா பஞ்சு வைத்துக்கொண்டார்.

நம் உள்காதில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 15,000 ரோமச் செல்கள். வாசலருகே இருப்பவை மேல் ஸ்தாயியைக் கேட்பவை. உள்ளே கடைசியில் இருப்பவை கீழ் ஸ்தாயிக்கு. இரைச்சல் முதலில் சாகடிப்பது வாசல்காரர்களை, அதிலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருப்பவர்களை. செத்தால் மறுபடி முளைக்காது. பேச்சில் ‘ச’, ‘த’, ‘க’ எல்லாம் மேலே இருப்பவை. ‘அ’, ‘ஆ’, ‘ஊ’ கீழே. அதனால் மாமாவுக்கு யாரோ கூப்பிடுவது கேட்கும். என்ன சொன்னார்கள் என்பது கேட்காது. பத்து, சத்து, கத்து மூன்றும் அவருக்கு ஒன்றே. வீட்டில் பல வருடம் ஒரே சண்டை: “காது நல்லாத்தான் கேக்குது. வேணும்னே பதில் சொல்ல மாட்டேங்கறாரு!”

சிக்னலில் பார்த்தோமே, கண்ணாடி ஏற்றிய கார்? மாமாவுக்கு உலகமே அந்தக் கார்தான். எல்லோரும் உள்ளே பாடுகிறார்கள். அவர் வெளியே நிற்கிறார்.

இளையராஜா பைத்தியம் அவர். பாட்டுக் கேட்பதையே நிறுத்திவிட்டிருந்தார். டெஸ்ட் எடுத்த இடத்தில் கிராஃபைக் காட்டிச் சொன்னார்கள்: மேலே போனது போனதுதான், கீழே இருப்பது அப்படியே இருக்கிறது. மச்சான் மூளையில் பல்பு எரிந்தது அப்போதுதான். ஹியரிங் எய்டுக்கும் ஏற்பாடாகிக்கொண்டிருக்கிறது. அதற்குள் இது.

இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. தினமும் அந்தக் காரை ஓட்டப்போவது மகன். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதி. 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு மணி... 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம்! கூட்டுவட்டி தோற்றது. பேஸ் மட்டும் காதை அவ்வளவு சீக்கிரம் கெடுக்காதுதான். ஆனால், ‘தும்’முக்கு ஈடாக மற்ற ஸ்பீக்கர்களையும் ஏற்றுவோமே, அங்கேதான் ஆபத்து. அப்பாவின் காதைச் சம்பளம் கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். மகன் கைக்காசைப் போட்டு தன் காதைக் கொடுக்கலாமா?

அரியலூரில் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, மாமாவைப் பின்சீட்டில் உட்கார வைத்தோம். இளையராஜா பாட்டு ஒன்று. மச்சான் உற்சாகத்தில் குமிழைத் திருகிக்கொண்டே போனான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாமா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி, சீட்டுக்குப் பின்னால் கைவிட்டு, பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தார். கண் மூடிக்கொண்டார். விரல்கள் தாளம் போட ஆரம்பித்தன. பேஸ் கிட்டாரின் அந்த நடையை ஒன்றுவிடாமல் பிடித்தன.

சரணம் முடிந்ததும் மகனின் தோளைத் தட்டினார்.

“குறைடா.”

குறைத்தான்.

“இன்னும்.”

இன்னும் குறைத்தான். எனக்கே பாட்டு மெலிதாகத்தான் கேட்டது. மாமா கை மட்டும் பெட்டியை விட்டு நகரவில்லை.

“கை கேக்குது மாப்ளே, இது போதும்” என்றார் என்னிடம். பிறகு, தன் காதைத் தொட்டுக் காட்டி, மகன் பக்கம் விரல் நீட்டினார். “இவனுக்கு அது இருக்கட்டும்.”