வெள்ளைக் கட்டடமும் விளக்குப் பலகையும்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு கோலாலம்பூர் போகிற நீங்கள், பத்துமலையையும் பெட்ரோனாஸ் கோபுரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறீர்கள். அடுத்த முறை மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் இறங்கி, ஜாலான் ராஜா சூலானுக்கு நடந்து போங்கள். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே, தூண்கள் தாங்கிய வெள்ளைக் கட்டடம் ஒன்று நிற்கும். 1928இல் தொலைபேசி நிலையமாகக் கட்டப்பட்டது. பின்னாளில் பழுது பார்த்து டெலிகோம் அரும்பொருளகம் ஆக்கினார்கள். திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். பூட்டிய கதவைப் பார்க்க அத்தனை தூரம் போவானேன்!

உள்ளே முக்கியமாகப் பார்க்க வேண்டியது பழைய இணைப்புப் பலகை. அந்நாளில் ஒருவர் வீட்டில் குழலை எடுத்தால், பலகையில் அவருக்குரிய சின்ன விளக்கு எரியும். பலகைமுன் இருப்பவர் ஒயரின் ஒரு முனையை அந்தத் துளையில் செருகி, ‘எந்த நம்பர்?’ என்று கேட்பார். மறுமுனையை அந்த நம்பரின் துளையில் செருகி மணியடிக்கச் செய்வார். பேசி முடித்ததும் விளக்கு அறிவிக்கும், ஒயரை உருவிவிடுவார். ஊர்ப்பேச்சு முழுதும் மனிதர் கைவழியாகவே போயிற்று.

தோட்டத்தில் தொலைபேசி ஆபீசோடு சரி. துரைக்கும் கிராணிக்கும்தான் அது. நமக்கு வந்தது தந்தி. தந்தி என்றதுமே, பிரிப்பதற்கு முன்பே லயத்தில் அழுகை எழும்பிவிடும். படித்துச் சொல்லக் கிராணியைத் தேடி ஓடுவார்கள். ஊரில் பிள்ளை பிறந்த சேதிக்கும் இப்படி அழுதவர்கள் உண்டு! இந்தியாவில் அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு நின்றுபோனது.

சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை 1870–71இல் கடலடியில் கம்பி போட்டார்கள். அந்தக் கம்பிக்குள் நீர் புகாமல் காத்தது எது தெரியுமா? தாபான் என்னும் நம் காட்டுமரத்தின் பால். கெத்தா பெர்ச்சா என்பார்கள். சிங்கப்பூரில் இருந்த மாண்ட்கோமரி என்ற வைத்தியர் 1840களில் அதை லண்டனுக்கு அனுப்பிக் காட்டினார். நாம் ‘மரம் வெட்டப் போகிறேன்’ என்றால் பட்டையைப் பக்குவமாகச் சீவுவதுதான். தாபானை மெய்யாகவே வெட்டிச் சாய்த்தார்கள். சாய்ந்த மரத்தில் வளையம் வளையமாகக் கீறிப் பால் எடுத்தார்கள். ஒரு மரம் கொடுத்ததோ கொஞ்சம். கடலடிக் கம்பி நீள நீளக் காட்டில் தாபான் அருகியது. பால்மரத்தைப் பிள்ளைபோல் பார்த்தவர்களுக்கு இதைக் கேட்க மனம் பொறுக்காது.

சிங்கப்பூர் போகிறவர்கள் ராபின்சன் சாலையில், லாவ் பா சாட் சந்தைக்கு அருகே, ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் தந்திக் கம்பெனியின் கட்டடத்தைக் காணலாம். 1927இல் எழுந்தது. 2014இல் ஹோட்டலாகத் திறந்தார்கள். இடிக்காமல் விட்டார்களே என்று மகிழ்ச்சிதான். ஆனாலும் எனக்குக் கோலாலம்பூர்க் கட்டடத்தின் மேல்தான் பற்று. சுவரோடு பலகையும் அங்கே இருக்கிறதல்லவா? கட்டடம் மட்டும் மிஞ்சினால், அங்கே என்ன வேலை நடந்தது என்று நாளைக்குப் பேரப்பிள்ளை கேட்கும்போது எதைக் காட்டுவது?

மலேசியாவில் 2005இல் தேசிய மரபுடைமைச் சட்டம் வந்தது. பெயர்பெற்ற கட்டடங்களுக்கு அது உதவும். சின்னப் பட்டணத்துப் பழைய தபால் தந்தி ஆபீசை யார் நினைப்பார்கள்? அந்த இலாகாவில் நம்மவர் எத்தனையோ பேர் குமாஸ்தாக்களாகவும், கம்பம் நட்டுக் கம்பி இழுத்தவர்களாகவும் உழைத்தார்கள்.

உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பலகைமுன் நிறுத்தி, எந்த ஒயர் எங்கே போகும் என்று கேளுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கட்டும்.