உப்புத் தண்ணீர்க் காட்சி

சின்னத்திரைத் தொடர்களுக்குக் கதை வசனம் எழுதிய காலத்தில், விஷம் பற்றித் தெரிந்தே பொய் எழுதினேன்.

மாமியார் பாலில் எதையோ கலப்பாள். மருமகள் ஒரு வாய் குடித்ததும் டம்ளர் உருளும், நுரை தள்ளும், தலை சாயும். நுரையைப் பூச்சிமருந்து குடித்தவர்களிடமிருந்து எடுத்தேன். ஆர்கனோபாஸ்பேட் உள்ளே போனால் எச்சிலும் சளியும் உண்மையிலேயே பெருகும், கண்பாவை சுருங்கும். வேகத்தை சயனைடிலிருந்து எடுத்தேன். இரண்டையும் ஒட்டி, உலகத்தில் இல்லாத ஒரு விஷத்தை உண்டாக்கினேன்.

எழுதுமுன் ஒரு மருத்துவரிடம் கேட்டிருந்தேன். பெரும்பாலான விஷங்களுக்கு நேரம் பிடிக்கும் என்றார். பாரசிட்டமாலை அளவுமீறி விழுங்கியவர் முதல் நாள் வெறும் குமட்டலோடு நடமாடுவார்; ஈரல் கெடுவது பிறகுதான் தெரியவரும். 8 மணி நேரத்துக்குள் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்தை ஏற்றிவிட்டால் அநேகமாக எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். 1978 செப்டம்பர் 7 அன்று லண்டன் வாட்டர்லூ பாலத்தில் தொடையில் குத்தப்பட்ட பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்க்கோவ் இறந்தது 11ஆம் தேதி. அவர் உடம்பில் ஏறியது ரைசின் என்ற விஷம் என்றே கருதப்படுகிறது. 'பிரேக்கிங் பேட்' தொடரின் கடைசி எபிசோடில் ரைசின் உட்கொண்ட பெண்ணும் சளிக்காய்ச்சல் வந்தவளைப்போல் படுத்துத்தான் கிடப்பாள். அந்தக் காட்சியில் பதற்றம் குறையவே இல்லை. எனக்கோ வெள்ளிக்கிழமை எபிசோட் மயக்கத்தில் முடிய வேண்டியிருந்தது. மருத்துவர் சொன்னதை ஒதுக்கிவைத்தேன். விஷத்துக்கும் சாவுக்கும் நடுவே இருக்கும் நேரத்தை நான் வெட்டியபோது, சிகிச்சைக்கு இருக்கும் நேரமும் சேர்ந்தே போனது.

திங்கட்கிழமை எபிசோடுக்கு எழுதியது அதைவிடக் கேடு. பாட்டி உப்பைக் கரைத்து, மயங்கிக் கிடப்பவளின் வாயைத் திறந்து ஊற்றுவாள்; வாந்தியெடுத்து அவள் கண் விழிப்பாள். நினைவில்லாதவர் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். ஆசிட் குடித்தவரை வாந்தியெடுக்க வைத்தால் வெந்த உணவுக்குழாய் மறுபடியும் வேகும். இதையும் மருத்துவர் அழுத்தமாகச் சொல்லியிருந்தார். பாட்டி பாத்திரத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது. நானும் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

ஏதோ ஒரு வீட்டில் அதைப் பார்த்த யாராவது, 108ஐ அழைப்பதை விட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடி உப்பு டப்பாவைத் தேடியிருக்கலாம். மயங்கியவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மருந்துப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு பாட்டி ஆம்புலன்ஸில் ஏறுவதாக எழுதியிருந்தால், ஒரு பக்கம் கூடியிருக்கும். அவ்வளவுதான்.